கால் அங்குலத்தின் கணக்கு: ஆத்தூர்த் தையற்கூடம் ஒன்றில் ஒட்டுத்தையல்

துண்டுத்துணிகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே விரிப்பாக்கும் வேலை ஒட்டுத்தையல் எனப்படும். அவ்விரிப்பின் அடியில் பஞ்சும், பஞ்சின் அடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்று அடுக்கும் விலகாதபடி மேலிருந்து தையலோட்டினால் கிடைக்கும் தடித்த போர்வையே குயில்ட். சேலம் மாவட்டத்தின் கிழக்கில், வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் ஆத்தூரின் வெயிலுக்கு இப்படியொரு போர்வை தேவைப்படுவதில்லை. பழஞ்சேலையை நான்காக மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிக்கும் வழக்கம் வீடுகளில் உண்டென்றாலும், அதில் அளவுக்கு வேலையில்லை. ஆயினும் ரவிக்கைக் கடைகளில் அன்றாடம் குவியும் வெட்டுத்துணியும், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் போன்ற அரசு உதவிகளாலும் சொந்தச் சேமிப்பாலும் வீடுகளுக்கு வந்து சேர்ந்த தையல் மிஷின்களும் இருக்கும் ஊரில், இவ்வேலையைக் கற்றுக்கொள்ளப் பெண்கள் முன்வருவது வியப்பன்று. குயில்ட்டாக வளராவிட்டாலும், பஞ்சு வைக்காத இரண்டடுக்கு விரிப்பாகவும் மெத்தை உறையாகவும் அது பயன்படுகிறது.

ஆத்தூரின் சிறு தையற்கூடம் ஒன்றில் இப்பயிற்சியைக் கவனித்தபோது முதலில் தெரிந்த முரண், ரவிக்கை தைத்துக் கைதேர்ந்தவர்களே இங்கே அதிகம் தடுமாறினார்கள் என்பதுதான். இதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று, பழகிய ஒழுக்கம். ரவிக்கை தைப்பவர் பக்கத் தையலின் உள்ளே அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை துணி விட்டுவைக்கிறார். உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம், இளைத்தால் இன்னொரு தையல் பிடித்துக்கொள்ளலாம். தைத்த கோடு சற்று உள்ளேயோ வெளியேயோ போனால் அதை உடல் பொறுத்துக்கொள்ளும். ஒட்டுத்தையலில் பொறுத்துக்கொள்ள உடல் இல்லை. ஒரு துண்டின் பிழையை அடுத்த துண்டு ஏற்று, அதற்கடுத்ததிடம் தள்ளிவிடுகிறது.

இவ்வேலையில் பொதுவாகத் தையலுக்கு வெளியே விடப்படும் ஓரத்தின் அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். எட்டு நூல் ஓர் அங்குலம் என்று தச்சரும் கொத்தனாரும் எண்ணும் கணக்கில் இது இரண்டு நூல். தைத்து முடித்த பின் மூன்றங்குலச் சதுரமாக நிற்க வேண்டிய துண்டை, இரு பக்கமும் கால் அங்குலம் சேர்த்து மூன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும். இப்படி ஒன்பது சதுரங்களை வரிசையாக இணைத்தால் எட்டுத் தையல்கள் வரும்; ஓரம் ஒரு மில்லிமீட்டர் மட்டும் கூடிவிட்டதாகக் கொண்டாலும், ஒவ்வொரு தையலும் இரு துண்டுகளிலிருந்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரை விழுங்குவதால், வரிசை 16 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்கு மேல், குறுகிப்போகும். அதே மிஷினில், அதே பிழையோடு, ஒன்பதங்குலத் துண்டுகள் மூன்றை இணைத்த வரிசையில் இரண்டே தையல்கள் என்பதால் அங்கே குறைவு 4 மில்லிமீட்டர்தான். இவ்விரு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 12 மில்லிமீட்டர் ஒட்டாமல் நிற்கும். அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் விரிப்பு நடுவில் புடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தென்படாத ஒன்று கையில் அகப்படுவது இந்த இடத்தில்தான்.

எல்லா மரபுகளும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பகுதியில் கோயில் தேர்களுக்குத் தைக்கப்படும் தேர்ச்சீலையிலும் தொம்பையிலும், வண்ணத் துணியில் வெட்டிய உருவங்களை ஓர் அடித்துணியின்மேல் பதித்துத் தைக்கிறார்கள். உருவம் ஓர் இழை நகர்ந்தாலும் அடித்துணி தன் அளவில் மாறாது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் அப்படித்தான்: ஓரத்தில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றை மறைக்கும்படி அடுக்கி, நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துச் செல்வதால், துண்டு எந்த வடிவில் கிடைத்தாலும் அதற்கோர் இடம் உண்டு. அடித்துணியின் துணை இல்லாமல், துண்டும் துண்டும் மட்டுமே ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையில்தான் கால் அங்குலம் கட்டளையாகிறது. தொடங்குபவருக்குக் கவந்தி முறையே இதமானது என்று சொல்லலாம். ஆனால் ஆத்தூரில் விரும்பப்படுவது கட்டம் கட்டமாக, முனையோடு முனை சேரும் விரிப்பு.

தையல் நேராக வர வேண்டுமானால் துணி அதற்கு முன்பே நேராக இருக்க வேண்டும். துணியின் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் வெட்டும் விளிம்புக்கு இணையாக இருந்தால் அத்துண்டு இழுபடாது. மூலைவாட்டில், தையற்காரர் சொல்லும் கிராஸில், வெட்டிய விளிம்பு தொட்டாலே நீளும். கழுத்துப்பட்டிக்குக் கிராஸ் துண்டு வெட்டியே பழகியவர்களுக்கு இந்த நீட்சி புதிதன்று, ஆனால் அங்கே வளைவுக்குத் துணையாகும் குணம் இங்கே முக்கோணத் துண்டுகளில் பகையாகிவிடுகிறது. ரூபியா போன்ற மெல்லிய பருத்திக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதற்கு மருந்து கஞ்சி. 1943-ஐ ஒட்டி வேரூன்றிய சேலத்து ஜவ்வரிசித் தொழிலின் மரவள்ளிக் காடுகளும் ஆலைகளும் ஆத்தூரைச் சூழ்ந்திருப்பதால், கஞ்சிக்கான மாவுக்கு இங்கே அலைய வேண்டியதில்லை. வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்து, மரவள்ளி மாவுக் கஞ்சியில் தோய்த்து, நிழலில் உலர்த்தித் தேய்த்துவிட்டால், பின்னால் சுருங்க வேண்டியது முன்னாலேயே சுருங்கிவிடுவதோடு, துணியும் காகிதம்போல் விறைத்து நின்று கோட்டுக்கு அடங்குகிறது. மழமழப்பான பாலியஸ்டர் கலப்புத் துண்டுகளுக்குக் கஞ்சியும் உதவாது. அவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது. சாக்குக்கட்டியின் கோடே சில வேளை ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக விழும் என்பதால், கூர்மையான பென்சிலும், விளிம்பு தேயாத பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய அச்சும் நம்பகமானவை.

மிஷினின் பாதத்தை, அதாவது ஊசியின் இருபுறமும் துணியை அழுத்திப் பிடிக்கும் உலோகத் துண்டை, அளவாகக் கொள்வது தொடங்குபவர் பலரும் செய்வது. ஊசிக்கும் பாதத்தின் வலது விளிம்புக்கும் உள்ள தூரம் மிஷினுக்கு மிஷின் மாறுவதால் அது சரிவருவதில்லை. கால் அங்குலப் பாதம் தனியே விலைக்குக் கிடைக்கிறது. அது வாங்காத கூடத்தில் கண்ட ஏற்பாடு எளிமையானது: கட்டம் போட்ட வரைபடத்தாளில் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியிருக்கும் கோட்டின்மேல் ஊசி இறங்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்றி, தாளின் வலது விளிம்பை ஒட்டி, புண்ணுக்கு ஒட்டும் துணிப் பிளாஸ்திரிப் பட்டியை மூன்று நான்கு மடிப்பாக மிஷின் தட்டில் ஒட்டிவிடுகிறார்கள். துணியின் விளிம்பு அந்தச் சிறு மேட்டில் உரசிக்கொண்டே போனால் தையல் தானாக நேரே விழும். ஆனால் புதிதாக அமர்பவரின் கண் ஏறியிறங்கும் ஊசியையே பற்றிக்கொள்கிறது. மிதியை மிதித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மூத்த தையற்காரர் சொன்னது இவ்வளவுதான்: “ஊசியப் பாக்காத கண்ணு, பட்டியப் பாரு.” “பாக்கறேங்க்கா, கடைசியில தான் ஒதுங்கிக்குது” என்றார் அந்தப் பெண். கோடு பெரும்பாலும் கடைசி அரை அங்குலத்தில்தான் விலகுகிறது; துணி முடியப்போகிறது என்று கை தளர்ந்துவிடுவதும், பின்பக்கம் துணியைப் பிடித்து இழுக்கும் ரவிக்கைப் பழக்கமும் அதற்குக் காரணங்கள். அடியில் உள்ள பல்லே துணியை நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும். முடிவில் ஒரு வெட்டுத்துண்டை ஒட்டினாற்போல் கொடுத்து, நிறுத்தாமல் அதன்மேல் தைத்துச் செல்வதும் ஒரு வழி.

அளவு சரியா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாட்டில் இணைத்து, தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திவிட்டு நடுப்பட்டையை அளக்க வேண்டும்; அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால் ஓரம் சரி, குறைந்தால் ஓரம் தடித்துவிட்டது, கூடினால் மெலிந்துவிட்டது. துல்லியமாகக் கால் அங்குலம் தைத்தவருக்கும் நடுப்பட்டை ஓர் இழை குறைவாகவே வருவதுண்டு, ஏனெனில் துணி மடியும் இடத்தில் அதன் தடிப்பே சிறிது அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பிளாஸ்திரியை ஓர் இழை ஊசிப்பக்கம் நகர்த்தி ஒட்டுவது வழக்கம். இஸ்திரி போடும்போது சட்டைக்குத் தேய்ப்பதுபோல் பெட்டியை இழுத்தால் துண்டு வளைந்துவிடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். மேல்வரிசைத் தையல்களை வலப்பக்கமும் கீழ்வரிசைத் தையல்களை இடப்பக்கமும் சாய்த்திருந்தால், இரண்டு வரிசைகளும் சேரும் முனையில் மடிப்புகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். விரல் நுனியால் தடவியே அந்தப் பூட்டை உணரலாம்.

ஒரே மிஷினில், ஒரே கையால், எண்ணிக்கையில் ஒத்த துண்டுகளைக் கொண்டு தைக்கும்போது சிறு பிழை ஒரே சீராக இருந்தால் விரிப்பு மொத்தமாகச் சற்றுச் சிறுக்குமே தவிரக் கெட்டுப்போகாது. பலர் தம் வீடுகளில் கட்டங்களைத் தைத்துக் கூடத்தில் வந்து இணைக்கும்போதுதான் சிக்கல். அதனால் ஒரே பிலிம் அச்சிலிருந்து படியெடுத்த அச்சுகளை எல்லாருக்கும் கொடுத்து, சோதனைப் பட்டையில் தேறிய பிறகே துண்டுகளைத் தருவது கண்டிப்பாகத் தெரிந்தாலும் நியாயமானது. தவறிய தையலை அரைப் பிளேடால் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபுறத்து நூலை உருவினால் துணி சேதமாகாது. இந்தப் பிரிக்கும் நேரத்துக்குக் கூலியில் இடமில்லை என்பதே பயில்வோரின் முணுமுணுப்பு. ரவிக்கைக்கு உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிப் பழகியவர்களுக்கு அது எளிதில் ஆறாது. காலையில் ரவிக்கையும் மதியத்துக்குமேல் கட்டமும் தைக்கும் பெண்கள் சிலர், மிஷினை மாற்றாமல், பட்டியை மட்டும் உரித்தெடுத்துவிட்டு மறுபடி அளந்து ஒட்டிக்கொள்கிறார்கள்.