ஓர் அங்குலத்தின் விலை

என் உயரம் 5 அடி 1 அங்குலம். 2019-ல் நான் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 190 கிலோ. இந்த மூன்று எண்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது தில்லி சிக்னல் ஒன்றில் அம்பலமானது.

சிவப்பு விளக்கு. இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் பள்ளம். வண்டி மெதுவாகச் சாய்ந்தது. அவ்வளவு எடை சாயத் தொடங்கினால் பிடித்து நிறுத்துவது நடக்காத காரியம். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஓடிவந்து தூக்கிக் கொடுத்தார். "ஸ்கூட்டி வாங்கியிருக்கலாமே, தீதி" என்றார். கேலியில்லை, அக்கறை. அதுதான் அதிகம் உறைத்தது.

மாதக்கணக்கில் வரைபடம் பார்த்து ஸ்பிதி போகத் திட்டமிட்டவள் நான். சிக்னலிலேயே விழுந்தால் மலையில் என்ன செய்வது? கரோல் பாகுக்குப் போனேன்.

முதல் வைத்தியம் எளிது. பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை அழுத்தும் வளையத்தைத் தளர்த்தினார்கள். வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் பைகளை ஏற்றி வேகத்தடையைக் கடந்தபோது முதுகெலும்பு வரை இடித்தது. இரண்டாவது வைத்தியம், ஷாக் அப்சார்பரைப் பின்சக்கரக் கையோடு இணைக்கும் தகடுகளைக் கழற்றிவிட்டு நீளமான தகடுகளைப் பூட்டுவது. இளம் மெக்கானிக் ஒருவர் அரை மணியில் முடித்தார். பின்பக்கம் சுமார் ஓர் அங்குலம் இறங்கியது. இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் பட்டன. குழந்தைபோல் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். இரவில் எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்து விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். வளைவுகளில் ஹேண்டில் சோம்பேறித்தனமாகத் திரும்பியது. முர்தலில் பராத்தா தின்றுவிட்டு வெளியே வந்தால், சைடு ஸ்டாண்டில் நிறுத்திய வண்டி வலப்பக்கம் விழுந்து கிடந்தது. பிரேக் லீவர் இரண்டு துண்டு.

திரும்பி வந்து, அதே தெருவில் இருந்த வயதான உஸ்தாத் ஒருவரிடம் காட்டினேன். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "பின்னால் இறக்கியவன் மற்றதை எல்லாம் அப்படியே விட்டிருக்கிறான்" என்றார். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு உடனே விளங்கியது. எழுவாயை மாற்றிவிட்டுப் பயனிலையைத் தொடாமல் விட்ட வாக்கியம் அது. மொழிபெயர்ப்பில் இப்படி விட்டால் நானே சிவப்பு மையால் சுழிப்பேன்.

பின்பக்கம் தாழ்ந்ததால் முகப்பு விளக்கு மேலே பார்த்தது. முன் ஃபோர்க் அதிகமாகச் சாய்ந்தது. சைடு ஸ்டாண்டின் நீளம் மட்டும் மாறாததால் வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றது. லேசான காற்று போதும். உஸ்தாத் ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடிகளில் சற்று மேலேற்றி முன்பக்கத்தையும் தாழ்த்தினார். ஸ்டாண்டில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிப் பற்றவைத்தார். விளக்கைத் திருப்பினார். முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்த்தார். சென்டர் ஸ்டாண்ட் போடுவதற்கு மட்டும் முன்பைவிட அதிக பலம் வேண்டியிருக்கிறது. அதற்கு அவரிடம் மருந்தில்லை.

"இதற்கு மேல் இறக்காதே பேட்டி, மலையில் கல் இடிக்கும்" என்றார். பிறகு ஒன்று கற்றுக்கொடுத்தார். நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை முழுசாக ஊன்று. வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். இதை முதலிலேயே பழகியிருந்தால் தகடுகளே வேண்டியிருக்காதோ என்று இன்றும் சந்தேகம்.

2022-ல் ஸ்பிதி போனேன். கிராம்பூவுக்கும் பாதலுக்கும் நடுவே சாலை முழுக்கக் கல்லும் ஓடையும். தொழிற்சாலை கொடுத்த 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியில் நான் இழந்த பங்கு ஒவ்வொரு கல்லிலும் 'டங்' என்று ஒலித்தது. ஆனால் ஓர் ஓடையின் நடுவில் சக்கரம் சிக்கியபோது இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் ஊன்றி நின்றேன். விழவில்லை.

உயரம் குறைந்தவர்கள் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: முதலில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். அப்புறமும் தேவையென்றால் இறக்குங்கள். முன்னும் பின்னும் சேர்த்து இறக்குங்கள். சைடு ஸ்டாண்டை மறக்காதீர்கள்.