கல் வீட்டுக்குச் சிமெண்ட் ஆகாது

கேரளத்துக் காந்தலூரில் ‘இங்கிலீஷ் கல் வீடு’ என்று சொல்லி வாடகைக்கு விடுகிறவை பலவும் ஹாலோபிளாக் சுவரில் கல் பலகை ஒட்டியவைதான். அது கல் கட்டே இல்லை, விட்டுவிடலாம். ஆனால் நிஜமான பழைய பங்களாவைப் புதுப்பிக்கிறோம் என்று மூட்டுக் காரையைச் சுரண்டி எடுத்துச் சிமெண்டை அடைக்கிறார்களே, கல்வேலை தெரிந்தவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஊட்டியில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, அந்த ஊரில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு. இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். சிமெண்ட் பிறக்கும் முன்பே எழும்பிய சுவருக்குச் சிமெண்டால்தான் ஆயுள் என்பது எப்படிப் பொருந்தும்? கல் கட்டின் பலம், கல்மேல் கல் உட்காரும் விதத்தில் இருக்கிறது. இங்கே மறையூர், காந்தலூர்ப் பாறைகளில் நிற்கும் முனியறைகளில், அதாவது பழங்காலக் கல்லறைகளில், காரையே கிடையாது. நிறுத்திய பலகைக்கல், மேலே மூடுகல், அவ்வளவுதான். பங்களாச் சுவரில் சுண்ணாம்புக் காரைக்கு இரண்டே வேலை: கல்லுக்கு மெத்தையாக இருப்பது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடுவது. சிமெண்ட் இந்த இரண்டாவது வேலையைக் கெடுத்துவிடுகிறது. மயிரிழை விரிசலில் மழைநீர் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது.

சிமெண்ட் அடைத்த சுவர்கள் நன்றாகத்தானே நிற்கின்றன என்பார்கள். இங்கிலாந்தில் மணற்கல், சுண்ணாம்புக்கல் வீடுகளில் சிமெண்ட் அடைத்தால் கல்லின் முகமே பொரிந்து உதிரும். குற்றம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நம் மலைக் கருங்கல் அப்படி உதிராது. அதனால்தான் இங்கே ஏமாந்துபோகிறோம். ஈரம் கல்லை விட்டுவிட்டு நடுச்சுவர்க் காரையை இளக்கும், சுவருக்குள் செருகிய உத்தர முனையை மக்க வைக்கும். கூரை இறங்கியபின் மரத்தின்மேல் பழி போடுவார்கள்.

சுண்ணாம்பு இறுக நாளாகும் என்பது மெய்தான். மழையிலும் உறைபனியிலும் அந்த வேலை கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் கல் மூட்டுகளை நனைத்து, காரையை அழுத்தி அடைத்து, ஈரச்சாக்குப் போட்டுக் காக்கவேண்டும். இதற்கு ஆள் இல்லை என்கிறார்கள். டெண்டரில் சுண்ணாம்பு என்ற சொல்லையே எழுதாமல், கூலியையும் சிமெண்ட் வேலைக் கணக்கில் போட்டுவிட்டு, இளையவர்களுக்குக் கைவேலை தெரியவில்லை என்பது நியாயமில்லை. மூட்டு வேலைக்குத் தனிக் கூலி, தனிப் பருவம் என்று முதலில் எழுதட்டும். ஆட்கள் தாமாக வருவார்கள்.