கியூ05

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்து கோட் போடுவதுதான் என் பிழைப்பு. மளமளவென்று ஓடும் கை, முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் ‘ஸ்பைனா பிஃபிடா’ என்று கண்டால் மட்டும் நிதானமாகிவிடும்.

அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் அதற்கு கியூ05. முதுகில் எந்தப் பகுதி, மூளையில் நீர் கோத்திருக்கிறதா (ஹைட்ரோகெஃபலஸ்) என்ற இரண்டும் தெரிய வேண்டும். கீழ்முதுகு, நீர்க்கோப்போடு என்றால் கியூ05.2, நீர்க்கோப்பு இல்லையென்றால் கியூ05.7. டாக்டர் மொட்டையாக எழுதியிருந்தால் கியூ05.9. ஸ்கேன் அறிக்கையில் அந்த நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் இருப்பது தெரிந்தாலும் நாமாக ஊகிக்கக் கூடாது, விளக்கம் கேட்டு டாக்டருக்கு க்வெரி அனுப்ப வேண்டும். அதிலும் ‘ஹைட்ரோகெஃபலஸ்தானே டாக்டர்?’ என்று பதிலை ஊட்டிவிடக் கூடாது.

தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு இழுபடுகிற டெதர்டு கார்டுக்கு கியூ06.8. அதாவது ‘குறிப்பிட்ட பிற பிறவிக் குறைபாடுகள்’. அவ்வளவு வலியையும் ‘பிற’ கூடையில் போடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னைக் கேட்டா வைத்தார்கள்!

பிறவிக் குறைபாடு என்றால் குழந்தைகளுக்கு மட்டும்தானே என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை. குறைபாடு நீடிக்கும்வரை எந்த வயதிலும் கியூ கோட் போடலாம் என்கிறது வழிகாட்டி விதி. நாற்பது வயதுக்காரருக்கும் கியூ05 வரும்.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இந்த நோயாளிகளின் சிறுநீர்ப்பை விஷயம். தினமும் கதீட்டர் போடுகிறார் என்று நர்ஸ் குறிப்பில் இருக்கும். நரம்புக் கோளாறால் சிறுநீர்ப்பை சரியாக இயங்காத ‘நியூரோஜெனிக் பிளாடர்’ என்று டாக்டர் எங்கும் எழுதியிருக்க மாட்டார். அவர் எழுதாமல் அதற்கான என்31.9 கோடை நான் போட முடியாது. கதீட்டருக்கான காரணம் பதிவில் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ்காரர் பணத்தை நிறுத்திவைப்பார். அலைவது நோயாளிதான்.