இரும்புக்கையும் எண்ணிக்கையும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அம்மாவின் கல்யாணச் சீராக வந்த பெட்டி. பட்டுப்புடவைகள் உறங்கவேண்டிய அதனுள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் குடியிருந்து வருகிறார்கள். அம்மா எத்தனையோ முறை பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார். பெட்டியின்மீது ஏறி உட்கார்ந்துகொண்டு காப்பாற்றினோம்.

'நாங்கள்' என்பது பெருமைப் பன்மையன்று. அண்ணன், தம்பி என நாங்கள் இருவர். மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். இளையவன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். தொழிலும் வருமானமும் வேறுவேறு. பித்து மட்டும் ஒன்று.

ஆங்கிலத்தில் 'கீக்' என்றொரு சொல் உண்டு. ஊர் ஊராய்ச் சென்ற கேளிக்கைக் கூடாரங்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டும் வித்தைக்காரனை அமெரிக்காவில் அச்சொல்லால் அழைத்தார்கள். பின்னர் கணிப்பொறியிலும் கதைப்படங்களிலும் மூழ்கிக் கிடப்பவரைக் கேலி செய்யும் சொல்லாயிற்று. இன்று அதே சொல்லைப் பனியனில் அச்சடித்து நெஞ்சில் அணிந்துகொள்கிறார்கள். வசைச்சொல் அணிகலனாவது நமக்குப் புதிதன்று. திருமணப் பந்தலில் வந்து வழக்காடிய கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். அந்த ஏச்சையே முதற்சொல்லாக்கிப் பாடுமாறு இறைவன் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆகவே எங்களைப் பித்தர்கள் என்று அழைப்போரிடம் எங்களுக்கு வருத்தமில்லை.

இப்பித்தின் ஊற்றுக்கண்ணைச் சற்றே சொல்லியாக வேண்டும். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடர் தொடங்கியது. ஆய்வுக்கூட உதவியாளனாகிய லூயிஸ் கிராண்டலுக்கு விபத்தில் வலக்கை போய்விடுகிறது. இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியில் மிதக்கும். ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் தூரிகை அந்த மிதக்கும் கைக்கு ஓர் உயிரைக் கொடுத்தது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். 1984இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலம் அது.

1988இல் எங்களுள் இளையவனுக்கு எட்டு வயது. மாயாவியைப் போல் மறைய விரும்பி, சுவரிலிருந்த பிளக் துளைக்குள் ஆணியை நுழைத்தான். தூக்கி எறியப்பட்டான். ஆனால் மறையவில்லை, அப்பாவின் கண்ணுக்கு மிக நன்றாகவே தெரிந்தான். அவன் பிற்காலத்தில் மின்மோட்டார்களோடு வாழ்க்கை நடத்துவதற்கான தொடக்கம் அதுவே என்று மூத்தவன் சொல்லுவதுண்டு.

வாங்கிப் படிக்கக் காசு இருந்ததில்லை. எங்கள் ஊரில், பேருந்து நிலையத்திற்குப் பின்புறம், ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. நாளொன்றுக்கு 25 காசு. அதை நடத்தியவரை ஊரே அண்ணாச்சி என்று அழைத்தது. அட்டையைக் கனத்த காகிதத்தால் பொதிந்து, ஊதா நிற முத்திரையிட்டு, எண் எழுதி வைத்திருப்பார். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள் அங்கே நிறைய உண்டு. அவர்தாம் வேண்டுமென்றே கிழித்து வைக்கிறார், முடிவு தெரியாமல் பையன்கள் அடுத்த புத்தகத்துக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு என்று சிறுவர்களாகிய நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்லூரியும் கடையும் மூடப்பட்டன. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, நாளுக்கொரு படமும் அதற்கொரு குறிப்பும் இட்டோம். இளையவன் படமெடுப்பான், மூத்தவன் எழுதுவான். ஆறு மாதத்தில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். எங்கள் அனுபவத்தில் அதுவே பொற்காலம்.

அந்த முந்நூறு பேரும் எங்களைப் போன்றவர்கள். 'மாயாவி' என்ற பெயருக்கு உரியவர் யார் என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது. முத்து காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ராணி காமிக்ஸ் வாசகருக்கோ, லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரர் 'பேண்டம்'தான் மாயாவி. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒருவரும் வசைபாடவுமில்லை. வில்லனாகத் தோன்றி நாயகனாக மாறிய ஸ்பைடரின் கதைகளைப் பின்னர் எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று நாங்கள் எழுதிய அன்று, அறுபது வயது வாசகர் ஒருவர் இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை என்று மறுமொழி இட்டார். அந்த மகிழ்ச்சி எங்களுக்குப் புரிந்தது. ஒன்றுக்கும் உதவாத ஒரு செய்தி ஒரு மனிதரை உறங்கவிடாமல் செய்யுமென்றால், அது அன்பன்றி வேறென்ன?

மற்றொரு நாள் 'டுமீல்' என்ற சொல்லைப் பற்றி எழுதினோம். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை சொல்லும் விதி. ஆனால் எங்கள் கதைகளில் துப்பாக்கி எப்போதும் 'டுமீல்' என்றே வெடிக்கிறது. 'இடுமீல்' என்று வெடித்தால் குண்டு இலக்கை அடைவதற்குள் வில்லன் தப்பிவிடுவான். ஒலிக்குறிப்புக்கு இலக்கணம் எந்த அளவு வழிவிட வேண்டும் என்று கேட்டிருந்தோம். வகுப்பறையில் மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விடும் மாணவர்கள் அந்தக் குறிப்பைத் தேடி வந்து படித்தார்கள். மறுபதிப்புகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தோம். உ.வே.சா. சீவக சிந்தாமணிக்காக ஏடு தேடி அலைந்ததையும் நாங்கள் பழைய புத்தகக் கடைகளில் அலைந்ததையும் ஒப்பிடும் துணிவு எங்களுக்கில்லை. ஆனால் கிடைக்காத ஒரு பக்கத்திற்காக ஏங்குவது எப்படியிருக்கும் என்பதைச் சிறிதேனும் அறிவோம்.

பிறகு எண்ணிக்கை வந்தது.

2020 சூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. சூலையில் இன்ஸ்டாகிராம் 'ரீல்' வசதியை இங்கே கொண்டுவந்தது. ஓராண்டு தயங்கி நின்ற நாங்களும் இறங்கினோம். ஆர்ச்சியைப் போல் இளையவன் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நடந்த அரை நிமிடக் காட்சியை ஒரே நாளில் இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். பின்தொடர்வோர் ஆயிரமாயினர், பத்தாயிரமாயினர், 2024 தொடக்கத்தில் நாற்பதாயிரத்தைத் தொட்டனர்.

அந்த எண் எங்களை என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்தோம். பிளாஸ்கோவின் நிழற்கோடுகளைப் பற்றி நான்கு நாள் உழைத்து எழுதியதை எண்ணூறு பேர் பார்த்தார்கள். சட்டியை லட்சம் பேர் பார்த்தார்கள். மெல்ல மெல்ல, எதைச் சொல்ல விரும்புகிறோம் என்பதை விட்டுவிட்டு எதற்குச் சிரிப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கினோம். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. பெட்டியைத் திறக்கும்போது, "இதுல எது ஓடும்?" என்று இளையவன் கேட்டான். மூத்தவனும் அதே கண்ணோடுதான் தேடிக்கொண்டிருந்தான்.

அப்படித் தேடியபோது, கடைசிப் பக்கம் இல்லாத ஒரு ஸ்பைடர் கதை அகப்பட்டது. அண்ணாச்சியின் ஊதா முத்திரை மங்காமல் இருந்தது. எங்கள் பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. முத்திரையைப் பெரிதாகக் காட்டி, 25 காசுக்காக முடிவைக் கிழித்துவைத்த கஞ்ச மகாபிரபுவின் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி ஒரு ரீல் செய்தோம். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். தத்தம் ஊர்க் கஞ்சர்களைப் பற்றி நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். சிலர் அண்ணாச்சியை எழுதத் தகாத சொற்களாலும் திட்டியிருந்தார்கள். அவற்றை நீக்காமல் விட்டோம். மறுமொழிகளின் எண்ணிக்கை கூடினால் பார்வை கூடும் என்பது எங்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பெண்மணியிடமிருந்து செய்தி வந்தது. "சார், நான் அவருடைய மகள். எங்கள் கடை முத்திரையைப் பார்த்ததும் சந்தோஷத்தில் சத்தம் வைக்காமலே அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிறகுதான் சத்தம் வைத்தேன். ஒருமுறை கேட்டார். மறுபடி போடச் சொல்லவில்லை." அவ்வளவே. எங்களை அவர் திட்டவில்லை.

அன்றிரவே ரீலை நீக்கினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினோம். அண்ணாச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.

"அப்ப இது உங்ககிட்டதான் இருந்துச்சா, தம்பி?" என்றார்.

நண்பர்களே, மூன்று லட்சம் பேர் பார்த்த காட்சியில் ஒருவருக்குக்கூடத் தோன்றாத கேள்வி அது. வாடகைப் புத்தகம் எங்கள் பெட்டிக்குள் எப்படி வந்தது? 1989இல் எடுத்தோம், திருப்பித் தரவில்லை. கஞ்சர் என்று உலகத்துக்கு அறிவித்த அந்த மனிதரிடமிருந்து நாங்கள் திருடிய புத்தகத்தையே சான்றாகக் காட்டியிருக்கிறோம்.

அவர் பின்னட்டையைத் திருப்பி உட்புறத்தைத் தடவினார். அங்கே பழுப்பேறிய பசைத் தடம் ஒன்று செவ்வகமாக இருந்தது. கடைசிப் பக்கத்தைக் கிழித்தவர்கள் பிள்ளைகள். கடைசிப் படம் பிடித்துப்போனால் கிழித்துக்கொண்டு போய்விடுவார்களாம். அடுத்து வரும் பையன் ஏமாந்துவிடக் கூடாதே என்று, படித்த எவரிடமாவது முடிவைக் கேட்டு, ஒரு துண்டுத்தாளில் தம் கையால் எழுதிப் பின்னட்டையில் ஒட்டி வைப்பாராம். பல புத்தகங்களில் அந்தத் தாளும் பிய்ந்து போய்விட்டது. பாடபேதம் தேடும் தமிழாசிரியன் அந்தப் பசைத் தடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறான். அது என்னவென்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

நடந்ததை அப்படியே எழுதி வெளியிட்டோம். ஒளிப்படத்துக்கு அண்ணாச்சி இசையவில்லை. "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்றுவிட்டார். பழியை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். திருத்தத்தை நான்காயிரம் பேர் படித்தார்கள். நல்ல நகைச்சுவையை ஏன் நீக்கினீர்கள் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். சொன்ன சொல்லைத் திரும்ப அழைக்க முடியாது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அதன் கணக்கு இவ்வளவு துல்லியமாக எண்களில் கிடைக்கும் என்று எண்ணியதில்லை.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. அந்த நான்காயிரவருள் ஒருவர், தொடக்க கால முந்நூற்றுவரைச் சேர்ந்தவர், தம்மிடமிருந்த பிரதியிலிருந்து அந்தக் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அச்செடுத்து, பழைய பசைத் தடத்தின்மீதே ஒட்டினோம். அண்ணாச்சியிடம் கொண்டு சேர்த்தோம். கூடவே 35 ஆண்டுகளுக்கான வாடகை பாக்கி, லீப் ஆண்டுகளின் கூடுதல் நாளை விட்டுக் கணக்கிட்டால், 3,193 ரூபாய் 75 காசு. உறையிலிட்டு நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை கடை லீவு. அதைக் கழிக்காம கணக்குப் போட்டிருக்கீங்களே" என்று சிரித்தார். பின்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார்.

இப்போதும் எங்கள் பக்கம் நடக்கிறது. பின்தொடர்வோர் சில ஆயிரம் குறைந்திருக்கிறார்கள். காலையில் பல் துலக்கிய பிறகே அதைத் திறப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாளேனும் அதைக் கடைப்பிடிக்க முடிகிறது. உயிரோடிருக்கும் மனிதரைப் பற்றி எதையும் அவரைக் கேளாமல் சொல்வதில்லை என்ற மற்றொரு விதியில் மட்டும் விலக்கில்லை. சென்ற வாரம் பிளாஸ்கோவின் நிழற்கோடுகளைப் பற்றி மறுபடியும் எழுதினோம். அறுநூறு பேர் பார்த்தார்கள். அவர்களுள் அண்ணாச்சியின் மகளும் ஒருவர். "அப்பா கேட்கச் சொன்னார்: அடுத்தது ஜானி நீரோவா?" என்று எழுதியிருந்தார்.

ஆம், அடுத்தது ஜானி நீரோதான்.