தேயிலை மலையில் நடந்த கால்கள்



அதிகாலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்ததும் நம் கை முதலில் தேடுவது தேயிலை டப்பாவைத்தான். ஒரு கரண்டித் தூள், கொஞ்சம் சர்க்கரை, வீடு விழித்துக்கொள்கிறது. அந்தத் தூளுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அந்த மலைக்குப் பின்னால் ஒரு நீண்ட நடை இருக்கிறது. இந்த மாதம் உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

2024ஆம் ஆண்டு இலங்கையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தோம். திருமணம் முடிந்த மறுநாள் நானும், கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகளும் கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயிலில் ஏறினோம். ரம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்குகிறது. நாவலப்பிட்டியைக் கடந்தால் இரண்டு பக்கமும் பச்சைக் கம்பளம்தான். குளிர்காற்று முகத்தில் அடிக்க, முக்காட்டை இழுத்துக் காதோடு சேர்த்துக்கொண்டேன்.

வழியில் அவள் ஒரு செய்தி சொன்னாள். 2011ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் காலநிலை மாநாடு நடந்தது. அதை நோக்கி, கென்யாவின் நைரோபியிலிருந்து பல சமயங்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் பஸ்ஸில் புறப்பட்டார்கள். நாடு நாடாகக் கடந்தார்கள். தங்கிய ஊர்களில் பாடினார்கள், பேசினார்கள், மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். உலகைச் சூடாக்கும் புகையில் ஆப்பிரிக்காவின் பங்கு மிகச் சிறியது. ஆனால் வறட்சியும் வெள்ளமும் முதலில் தட்டுவது அவர்கள் கதவைத்தான். அதைத்தான் மாநாட்டில் கூடியவர்களிடம் சொல்லப் போனார்கள்.

"நம்ம பக்கத்தில் இப்படி யாராவது போயிருக்காங்களா மாமி?" என்று கேட்டாள்.

போயிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

இந்த மலைகளில் முதலில் விளைந்தது தேயிலை அல்ல, காப்பி. 1820களில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஏழைகள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1869ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தோன்றி, சில ஆண்டுகளில் காப்பியே அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான் கண்டிக்கு அருகில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்தச் செடிதான் மலை முழுதும் பரவி, நம் அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

அந்த மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து, 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த அதே திசையில், மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையை அடைந்தது. பெண்களும் இளைஞர்களும் வெயிலில் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை நியாயமான கூலியும், வீட்டுக்கும் வாழ்வுக்கும் சொந்தமாக நிலமும்.

"இதில் காலநிலை எங்கே மாமி வருது? நிலம்தானே கேட்டாங்க?" என்றாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. மலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஹட்டனில் இறங்கினோம். பள்ளிவாசல், கோவில், சர்ச் எல்லாம் உள்ள சின்ன நகரம். முஸ்லிம் கடை ஒன்றில் சாப்பிட்டுவிட்டு மஸ்கெலியா பக்கம் போனோம். வானம் தெளிந்தபோது தூரத்தில் கூர்மையான ஒரு சிகரம் தெரிந்தது. அதுதான் பாவாதமலை. 2,243 மீட்டர் உயரம். மொராக்கோவில் பிறந்த இப்னு பதூதா 1344ல் அந்த மலையில் ஏறினார். பிற்பாடு சஹாரா பாலைவனத்தையே கடந்து மாலி வரை போன அந்த ஆப்பிரிக்கப் பயணி, இந்த மலையின் அட்டைகளைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். ஒட்டிக்கொண்டால் எலுமிச்சைச் சாறு பிழிவார்களாம்! அந்த அட்டைகள் இன்றும் தேயிலைக்குள் இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களின் கால்களைக் கேட்டால் சொல்லும்.

உறவினருக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் லயத்துக்குப் போனோம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள். முன்னால் சின்ன இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, ஒரு சமையல் இடம். இதற்குள்தான் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கைகளால் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர் விழும். அந்தக் கூடை இறுத்திய தழும்பு அவர் நெற்றியில் இருந்தது.

"முன்னெல்லாம் மழை சொல்லி வச்ச மாதிரி வரும் தங்கச்சி. இப்ப காஞ்சா மாசக் கணக்கா காயுது. பேஞ்சா ஒரே ராத்திரியில மலையைக் கரைச்சுக்கிட்டுப் போகுது" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். மண்மேடு செங்குத்தாக நின்றது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேலே மலையில் கான் வெட்டி வைத்திருப்பார்கள், மழைத்தண்ணீர் ஓட. கான் தூர்ந்துபோனால் தண்ணீர் ஓட வழியின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. ஈரம் குடித்த மண் கனத்துப்போய் ஒருநாள் மொத்தமாக நழுவுகிறது. 2014 அக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் இப்படித்தான் லயங்களே புதைந்தன. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது!

"இங்க இருக்காதீங்கன்னு எங்களுக்கும் காகிதம் குடுத்தாங்க. எங்க போறதுன்னு அதுல எழுதல" என்றார் அந்த அம்மா.

சகோதரிகளே, என் கேள்விக்குப் பதில் அதில்தான் இருந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992ல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. ஆனால் லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவருக்கு அல்ல. 1948ல் குடியுரிமையே மறுக்கப்பட்ட மக்கள் இவர்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வழி பிறந்தது. இந்தியா கட்டித்தரும் தனி வீடுகள் சில தோட்டங்களில் எழும்பியிருக்கின்றன. அவை வந்து சேராத லயங்களில் உள்ளவர்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிறார்கள். மழை எல்லாருக்கும் பெய்கிறது. ஒதுங்க இடம் இல்லாதவரைத்தான் அது கொல்கிறது. நிலம் கேட்டு நடந்ததும், காலநிலைக்காக ஆப்பிரிக்க இளைஞர்கள் போனதும் ஒரே வழக்குத்தான்.

திரும்பும்போது நுவரெலியாவையும் பார்த்தோம். கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். பூங்கா, ஏரி, குதிரைப் பந்தயத் திடல் என்று வெள்ளைக்காரர் விட்டுப்போன அழகெல்லாம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வறட்சியைத் தாங்கும் செடி எது, சரிவில் மண் அரிக்காமல் காப்பது எப்படி என்றெல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். செடிக்கு இத்தனை யோசனை நடக்கிறதே என்று மனம் மகிழ்ந்தது. செடி பறிப்பவரையும் நினைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 2025 நவம்பர் கடைசியில், 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கியது. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாங்கள் போன ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. பல நாள் போன் கிடைக்கவில்லை. கடைசியில் உறவினர் மூலம் செய்தி வந்தது. அந்த லயத்தின் பின்மேடு இடிந்து, வெடிப்பு விட்ட காம்பராக்கள் மண்ணுக்குள் போய்விட்டன. ஆனால் அன்று மாலையே மேட்டிலிருந்து சேற்றுத்தண்ணீர் கசிவதைக் கண்ட லயத்துப் பையன்களும் பெண்பிள்ளைகளும், கதவு கதவாகத் தட்டி, கிழவர்களைத் தோளில் தூக்கி, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிர்கள் தப்பின. அல்ஹம்துலில்லாஹ்!

செய்தி கேட்டு அவள் அழுதாள். பிறகு, "அந்தப் பிள்ளைங்க மாநாட்டுக்கெல்லாம் போகல மாமி. இருட்டில் ஒரு லயம் நீளம் ஓடினாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

மழை நின்றதும் பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும். அவர்கள் மறுபடி எங்கே போவார்கள்? அந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்ட ஊர்ப் பெயர் அதுதான். நாளைக் காலை நீங்கள் தேயிலை டப்பாவைத் திறக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்த பிள்ளைகள், நாளை அந்தக் காகிதத்தை எழுதும் இடத்தில் உட்காரக்கூடும், இன்ஷா அல்லாஹ்.