காசிமேட்டில் 61 நாள்கள்: பழைய படகுக்குப் புதுத் தளம்!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வஞ்சிரம், வவ்வால், இறால் என்று கூடை கூடையாக ஏலம் போகும் காசிமேட்டைச் சென்னைவாசிகள் பலரும் பார்த்திருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அதே துறைமுகத்துக்கு வேறு முகம் இருக்கும். டீசல் வாசனைக்குப் பதில் மரத்தூள் வாசனை. ஏலக் குரல்களுக்குப் பதில் சுத்தியல் சத்தம். கடலில் இருக்க வேண்டிய விசைப்படகுகள் கரையேறி, முட்டுக்கட்டைகள் மீது நின்றுகொண்டிருக்கும்.

இது மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வழிவிட்டு, தமிழக கிழக்குக் கடலோரத்தில் விசைப்படகுகளும் இழுவலைப் படகுகளும் கடலுக்குப் போகக் கூடாது என்பது விதி. 2001-ல் 45 நாள்களாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017-லிருந்து 61 நாள்களாக நீண்டது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் மீன் வரத்து அடியோடு நிற்பதில்லை. ஆனால் விசைப்படகை நம்பிய வீடுகளில் வருமானம் நின்றுபோகும். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது அரசு. வரவு இல்லாத இந்த இரண்டு மாதங்களில்தான் படகின் பெரிய செலவும் வந்து நிற்கும்.

அந்தச் செலவுகளில் பலரும் தள்ளிப்போடப் பார்ப்பது ஒன்று உண்டு. பழைய மரப்படகின் தளத்தைப் பிரித்து, புதிதாகப் போடுவது.

ராயப்பரின் ஊர்

படகு வேலை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பக்கத்து ராயபுரத்தின் பெயரே மீனவரான ராயப்பரை, அதாவது புனித பேதுருவை நினைவூட்டும் பெயர். படகோட்டிகள் 1829-ல் எழுப்பிய தூய பேதுரு தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ரயில் நிலையமும் அருகில்தான்.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு, கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். பழுதானால் தையலைப் பிரித்து, கெட்ட பலகையை எடுத்துவிட்டு மறுபடி தைக்கலாம்.

இன்றைய விசைப்படகு அப்படியல்ல. ஆணி, போல்ட், பைபர் என்று எல்லாம் இறுக்கிப் பூட்டிய உடம்பு. பிரிப்பது கடினம், மூடுவது சுலபம். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

மழைத் தண்ணீர்தான் வில்லன்

காசிமேட்டு இழுவலைப் படகில் ஏறினால், முன்பக்கம் கேபின் இருக்கும். அதன் பின்னால் வலையை இழுக்கும் வின்ச். அதற்கும் பின்னால் திறந்த தளம். வலை வந்து விழுவதும், மீனைத் தரம் பிரிப்பதும் இந்த இடத்தில்தான். கீழே மீனைப் பதப்படுத்தும் ஐஸ் அறை. அதற்கு இறங்கும் சதுர வாயும் இதே தளத்தில்தான் இருக்கிறது.

உப்புத் தண்ணீரிலேயே கிடப்பதால் படகு கெட்டுப்போகிறது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். தளத்தைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. மரத்தை உளுக்கவைப்பது பூஞ்சை. உப்பேறிய மரத்தில் அது எளிதில் வளராது. மழைத் தண்ணீரும் ஐஸ் உருகிய தண்ணீரும்தான் அதற்குப் பிடித்தவை. கடலுக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பாகத்துக்கு எதிரி வேறு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அது. அதைத் தடுக்க அடியில் செம்பு கலந்த பெயின்ட் அடிப்பார்கள். மேல்தளத்துக்கு அந்தப் பெயின்ட் உதவாது.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் தளத்தின் இடுக்குகளில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள் தங்கிவிடும். மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதைத் தாண்டி நீண்ட நாள் நீடித்தால், மேலே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே மரம் பொடியாகத் தொடங்கும்.

தட்டினால் தெரியும்

பழைய தளத்தைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சிறு சுத்தியல் போதும். நல்ல மரத்தில் தட்டினால் கணீரென்று கேட்கும். உளுத்த மரத்தில் சத்தம் மந்தமாகிவிடும். சந்தேகம் வந்த இடத்தில் உளியையோ ஸ்க்ரூ டிரைவரையோ வைத்து அழுத்தினால், முனை எதிர்ப்பில்லாமல் உள்ளே இறங்கும்.

எங்கே தட்ட வேண்டும் என்பதுதான் அனுபவம். வின்ச் போல்ட் இறங்கும் துளைகள், ஐஸ் அறை வாயின் நான்கு மூலைகள், பக்கச் சுவரும் தளமும் சேரும் ஓரம், தண்ணீர் வெளியேறும் துளைகளின் விளிம்பு. தளத்தைத் துளைத்த இடத்திலெல்லாம் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடுகிறது. மேலே ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்திருந்தால், கீழே ஒரு முழத்துக்குக் கெட்டிருக்கலாம். ஐஸ் அறைக்குள் இறங்கி, தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை அடியிலிருந்து பார்த்தால்தான் முழு உண்மை தெரியும்.

மூடுவதா, பிரிப்பதா?

இங்கேதான் உரிமையாளர் முடிவெடுக்க வேண்டும். முன்னால் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பழைய தளத்தின் மேலேயே பிளைவுட் விரித்து, பைபர் பூசி, பெயின்ட் அடித்துவிடுவது. சில நாள்களில் முடியும். செலவு குறைவு. படகு புதுசு போலத் தெரியும். இன்னொன்று, வின்ச்சைக் கழற்றி, பலகைகளைப் பெயர்த்து, கெட்ட சட்டங்களை மாற்றி, புதுத் தளம் போடுவது. வாரக்கணக்கில் ஆகும். பிரித்த பிறகு என்னென்ன கெட்டிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

முதல் வழியில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஈர மரத்தின் மேல் பூசிய பைபர் சரியாக ஒட்டாது. அடியில் இருக்கும் ஈரம் வெளியேற வழி இருக்காது. உளுப்பு நிற்காமல் தொடரும். சில பருவங்களில் பைபர் உப்பி, கால் வைத்த இடம் அமுங்கும். எடையும் கூடும். 20 சதுர மீட்டர் தளத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் விரித்தால் அதுவே 200 கிலோவைத் தாண்டும். மேல்பாரம் கூடிய படகு, அலையில் சாய்ந்தால் நிமிர நேரமாகும்.

வின்ச்தான் இன்னும் பெரிய கவலை. வலை கடலடிப் பாறையில் சிக்கினால், மொத்த இழுவிசையும் வின்ச் போல்ட்கள் மேல் வரும். போல்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் மரம் உளுத்திருந்தால் பயனில்லை. பெயர்ந்து வரும் இரும்புக்கு எதிரில் நிற்பவர்கள், பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளர்கள். தளம் உடைந்து ஐஸ் அறைக்குள் கடல் புகுந்தால் படகே மிஞ்சாது. கரையில் மிச்சப்படுத்திய பணத்துக்கு விலை கொடுப்பவர்கள் கடலுக்குப் போகிறவர்கள்தான்.

ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்

பிரிக்க முடிவு செய்தாலும் அவசரம் கூடாது. தளம் என்பது வெறும் தரை இல்லை. இடப்பக்கச் சுவரையும் வலப்பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டு அது. எல்லாச் சட்டங்களையும் ஒரே நேரத்தில் எடுத்தால், பழைய உடம்பு அகன்று கோணிக்கொள்ளும். பிறகு பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் பக்கங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு சட்டத்தை எடுத்து, அதே அளவில் புதியதைப் பொருத்திய பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். எடுத்த சட்டத்தையே அச்சாக வைத்துப் புதியதை அறுப்பது நல்லது. சட்டத்தின் மேல்பக்கம் நடுவில் லேசாக உயர்ந்து, இரு ஓரங்களுக்கும் சரிந்திருக்கும். அந்தச் சரிவு இருந்தால்தான் தண்ணீர் தேங்காமல் ஓரத் துளைகள் வழியே கடலுக்குப் போகும்.

பிளைவுட் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் எண் உண்டு. ஐ.எஸ். 710. படகுக்கான மரைன் பிளைவுட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் தந்திருக்கும் எண் அது. ஐ.எஸ். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கானது. எந்தப் பிளைவுட்டாக இருந்தாலும் தண்ணீர் முதலில் நுழைவது வெட்டிய விளிம்பில்தான். விளிம்பை ரெசின் பூசி அடைக்காமல் பொருத்தினால், விலை கொடுத்து வாங்கியதும் வீணாகும்.

பஞ்சும் பைபரும்

பலகைத் தளத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளி போன்ற இரும்பால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பசையைப் பூசுவது பழைய முறை. கலப்பத்து என்று அதற்குப் பெயர். போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல் அது. அதிகம் அடித்தால் பலகை விலகும். குறைவாக அடித்தால் ஒழுகும். கையின் கணக்குதான் அளவு.

இப்போது பைபர் பூச்சு பரவலாகிவிட்டது. கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினில் கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து பூசி, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் உருட்டுவார்கள். தடைக்காலத்தின் நடுவே வரும் அக்னி நட்சத்திரம் இதற்கு நண்பனும் எதிரியும். மரம் நன்றாகக் காய வெயில் வேண்டும். ஆனால் உச்சி வெயிலில் கலந்த ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும். அதனால் அதிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுவதே வசதி. கோடை மழை திடீரென்று வந்தால் மூட, தார்ப்பாயும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரெசின் ஆவி மூச்சுக்குக் கெடுதல், எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. முகக்கவசம் அவசியம். பக்கத்தில் பீடி கூடாது.

வின்ச்சைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு நுணுக்கம் உண்டு. போல்ட்டுக்கு வேண்டிய அளவைவிடப் பெரிய துளை போட்டு, அதை ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுவார்கள். இப்போது போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொட முடியாது. ஒரு துளைக்கு அரை மணி நேரக் கைவேலைதான் கூடுதல். தளத்தின் ஆயுள் ஆண்டுக்கணக்கில் நீள்வது இந்த மாதிரி வேலைகளால்தான். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே சன்னமான மணலைத் தூவுவதும் உண்டு. வெறுங்காலோடு வலை இழுப்பவர்களுக்கு வழுக்காமல் இருக்க.

கடைசிச் சோதனை

ஜூன் பிறந்ததும் காசிமேட்டில் பரபரப்பு கூடும். படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். வலை, டீசல், ஐஸ் ஏற்றும் வேலை தொடங்கும். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்கூடம் மறுபடி நிரம்பி வழியும். மீன் வாங்கப் போகிறவர்கள் கரையோரம் கட்டியிருக்கும் படகுகளின் தளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். கூடையில் இருக்கும் மீன், முதலில் வந்து விழுந்த இடம் அது.

பெயின்ட் பளபளப்பை வைத்துப் புதுத் தளத்தை எடைபோட முடியாது. ஐஸ் ஏற்றுவதற்கு முன்பு, தளம் முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஓரத் துளைகளை அடைத்துக் கொஞ்ச நேரம் தேங்கவிட வேண்டும். அப்புறம் ஒருவர் டார்ச்சுடன் ஐஸ் அறைக்குள் இறங்கி, வின்ச் போல்ட்களின் அடியையும், வாயின் நான்கு மூலைகளையும், பக்கச் சுவரின் ஓரங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் ஈரம் படாவிட்டால், அந்தப் படகு கடலுக்குப் போகலாம்.