கொப்பரையும் கரும்பு வில்லும்

அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்ஸாண்டர் இளையோருக்காக எழுதிய 'த பிளாக் கால்ட்ரன்' நாவல் 1965இல் வெளிவந்தது. பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டுத் தொன்மங்களிலிருந்து முளைத்த மாயக்கதை அது. அண்மையில் அதை மீண்டும் வாசித்தேன்.

இறந்தவர்களின் உடல்களை இட்டால் பேச்சற்ற போர்வீரர்களாக எழுப்பிவிடும் கொப்பரையொன்று மரணதேசத்து அரசனிடம் இருக்கிறது. அதைத் திருடி அழிக்கப் பெரியவர்கள் சபைகூடித் திட்டமிடுகிறார்கள். அப்படையில் டாரனும் ஒருவன். பன்றி வளர்ப்பவனுக்கு எடுபிடி. தாய் தந்தையர் யாரென்றே அறியாதவன். போய்ப் பார்த்தால் கொப்பரை அங்கே இல்லை. வேறிடத்தில் தேடிக் கண்டடைந்த பிறகோ ஒரு நிபந்தனை: உயிருள்ள ஒருவன் தானே மனமுவந்து உள்ளே இறங்கினால்தான் அது உடையும். இறங்கியவன் மீளமாட்டான்.

மத்தியகால வேல்ஸ் கதைத் தொகுதியான 'மாபினோகி'யிலும் இக்கொப்பரை உண்டு. பழைய வெல்ஷ் கவிதையொன்றில் ஆர்தர் மன்னன் மறுவுலகக் கொப்பரை தேடிக் கப்பலேறுகிறான். திரும்புகிறவர்கள் எழுவர் மட்டுமே.

மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் இவ்விடத்தில் காமன் கூத்து நினைவுக்கு வரும். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்பு முழங்க ஆடப்படும் கூத்து. அதுவும் ஒரு துணிகரப் பயணத்தின் கதைதான். சூரனின் கொடுமை தாளாத தேவர்கள் சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டும். அதற்கு இளைஞனான மதனை அனுப்புகிறார்கள். தீக்கனவு கண்ட ரதி மறிக்கிறாள், வாதாடுகிறாள். கரும்பு வில்லேந்தி மதன் போகிறான், எரிகிறான். திட்டம் பெரியோருடையது; சாம்பல் இளையவனுடையது.

முடிவிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கொப்பரையிலிருந்து எழுந்தவனுக்குக் குரலில்லை. உயிர்பெற்ற மதனுக்கோ உருவமில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்கிறது புராணம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, எஞ்சியோருக்கான சட்டம் 2003இல் வரும்வரை பதிவேடுகளில் உருவின்றி உழைத்த சமூகம் எங்களுடையது. அதனால்தானோ என்னவோ, ரதியின் ஒப்பாரி லயத்து முற்றத்தில் வேறுவிதமாக ஒலிக்கிறது.

அலெக்ஸாண்டர் வேல்ஸில் பிறந்தவரல்லர். பிலடெல்பியாக்காரர். இரண்டாம் உலகப் போரில் படைவீரராகச் சில காலம் அங்கே தங்கியவர். அந்தச் சிறு பரிச்சயமே அவருக்குள் ஐந்து நாவல்களாக விளைந்தது. நம் பிள்ளைகளோ தப்பொலி கேட்டே வளர்கிறார்கள். ஆனால் கூத்துப் பாடல்களை முழுமையாக அறிந்த மூத்தோர் குறைந்து வருகிறார்கள். ஆடவேண்டிய இளைஞர் பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள்.

கொட்டகலைக்கு அருகே பத்தனையில், ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிலும் வருங்கால ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கூத்தைப் பதிவுசெய்வதோடு நின்றுவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை இரவு விழித்திருந்து வாசிக்கும் சாகசக் கதையாக மதனின் பயணத்தை எழுதுங்கள். அதில் ரதிக்கும் ஒரு திட்டம் இருக்கட்டும்.